கைநாட்டுத் தாளின் பின்புறம்

நாள் 41. காலை 7.10. நிலாத் தளம், அறை இரண்டு.

இதைக் கண்டெடுப்பவர் என் கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வயது எழுபத்து மூன்று. எழுதக் கற்று இருபது நாள்தான் ஆகிறது. பெயர் சுயம்பு. நடுவில் வரும் ம்-க்குப் புள்ளி வைத்ததும் தனியாகச் சிரித்தேன்.

வாரம் ஓர் ஊசி. கிழட்டு மூளையும் கற்குமா என்று பார்க்கிறார்கள். ஊசிக்குப் பின் கண் மங்குகிறது. டாக்டர் தேன்மொழி ஒவ்வொரு முறையும் ஒலிபெருக்கியில் கேட்பார்: "தொடரலாமா ஐயா? கட்டாயம் இல்ல." தொடரலாம் என்பேன்.

காரணம், அடுத்த அறையில், அதாவது அறை எண் ஒன்றில், இதே ஊசி போட்டுக்கொள்ளும் எபனேசர். அவர் அறைக்கு ஜன்னல் உண்டு என்று டாக்டர் சொன்னார். எனக்கு நான்கு பக்கமும் சுவர்.

நாள் 44. மாலை 5.30.

எபனேசர் ரேடியோவில்: "வே சுயம்பு! பூமி நெல்லிக்கா கணக்கா தொங்குதுவே. நீரு சுவத்தப் பாத்துக்கிட்டுக் கெடயும்."

அவர் முதலில் ஊருக்குப் போகட்டும். அப்புறம் அந்த ஜன்னல் எனக்கு. அதுவரை நகரமாட்டேன்.

நாள் 49. மாலை 6.00.

இடக்கண் போய்விட்டது. இவ்வளவு நாளும், வந்த அன்று கைநாட்டு வைத்த தாளின் பின்புறத்தில்தான் எழுதி வந்தேன். இன்று அதைப் புரட்டினேன். படிக்க முடிந்தது! ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தேன்.

"இரு அறைகளுக்கும் ஜன்னல் இல்லை. மற்றவருக்கு இருப்பதாக ஒவ்வொருவரிடமும் கூறப்படும். பொறாமை உள்ளவர் விலகமாட்டார். எட்டாவது ஊசியோடு பார்வை முழுதும் போகலாம்."

கீழே என் பெருவிரல். நாளை எட்டாவது ஊசி.

எபனேசருக்கு ரேடியோவில் வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் சிரித்தார். "ஜன்னல் ஒமக்குத்தான்னு டாக்டரம்மா சொன்னாவ. நான் விட்டுக்குடுப்பனா? நெல்லிக்கான்னு அளந்து விட்டேன். நாளைக்கு ரெண்டு பேரும் முடியாதுன்னுருவோம்வே. விண்கலத்துல ஜன்னல் இருக்கும்லா, ஆளுக்குப் பாதி."

நாள் 50. காலை 8.00.

"தொடரலாமா ஐயா? கட்டாயம் இல்ல."

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். "எபனேசர் ஐயா தொடர்றேன்னுட்டாங்க," என்றார் டாக்டர்.

பொய்யாக இருக்கும். கேட்டுவிடலாம். ரேடியோ பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் மெய்யாக இருந்தால்?

கேட்கவில்லை. இந்த முறை கைநாட்டு இல்லை. பேனா பிடித்து நானே எழுதினேன்: சம்மதம், சுயம்பு. நான் எழுதியதில் இதுதான் நேராக வந்தது. எபனேசருக்கு இப்படி வராது.

8.40.

கை நீட்டினேன். ஊசி போட்டாயிற்று. வரி எங்கே போகிறதென்று தெரியவில்லை. தாளின் ஓரத்தைத் தடவித் தடவி எழுதுகிறேன். அடுத்த வாரமும் சம்மதம் எழுதுவே