அப்பாவைக் கொண்டுபோன வழி

அன்புள்ள தமிழ்மாறனுக்கு அம்மா எழுதுவது. அந்த வெயிலில் உன் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் உன் தம்பி அன்பழகனும் இருக்கிறோம், நலம் என்று எழுதக் கை வரவில்லை. லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்பும் பூலாம்பாடி ராஜாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் என்றால் நீ நடுவில் கத்துவாய், நான் பயந்து பாதியில் நிறுத்திவிடுவேன்.

அப்பாவின் முப்பதாம் நாளுக்குப் போஸ்டர் அடிக்கச் சொல்லி, அதில் கடைத்தெரு வியாபாரிகளுக்கு நன்றி போடச் சொன்னாயாம். வேண்டாம். அப்பாவைக் கடைத்தெரு வழியாக எடுத்துப்போனோம், எல்லாரும் மரியாதைக்குக் கடை ஷட்டரை இறக்கினார்கள் என்று உன்னிடம் சொன்னது பொய். தம்பி போனில் சார்ஜ் இல்லை, அதனால் வீடியோ எடுக்கவில்லை என்றதும் நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

அந்தத் தெருவில் இருபத்திரண்டு வருஷம் அப்பா எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டினார். அங்கே பாதி வீட்டு மாடிக்குத் தண்ணீர் ஏறுவது அவர் கட்டின கம்பியில்தான். யார் வீட்டுச் சாவு வந்தாலும் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கி, செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நிற்பார். ஒரு சாவுக்கும் அவர் தவறினதில்லை. வாலிகண்டபுரம் பக்கம் போர்வெல்லுக்குள்ளிருந்து மோட்டாரைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அவரைப் பாடையில் வைத்த அன்றைக்கு வியாபாரிகள் சங்கத் தலைவர் நம் காலனி முனைக்கே வந்துவிட்டார். கூட இரண்டு போலீஸ்காரர்கள். காலனிப் பிணம் கடைத்தெருவில் போய்ப் பழக்கமில்லை என்றார். "ஏரிக்கரை வழியா போயிடும்மா, சின்னதுரை இருந்தா அவனே இதத்தான் சொல்லுவான்" என்றார். செத்தும் அப்பா அவருக்கு அவன் இவன்தான். அன்பழகன் முன்னால் பாய்ந்தான், போலீஸ்காரர் அவன் பேரைக் கேட்டு எழுதினார். கேஸ் போட்டால் அவன் வாழ்க்கை போய்விடும் என்று நான் சரிங்க என்றேன். ஒரு வார்த்தைதான். முள்ளுக்குள் சேற்றில் அப்பாவைத் தூக்கிப்போனார்கள்.

போன வியாழக்கிழமை ஜவுளிக்கடைக்காரர் இறந்துபோனார். நானும் தம்பியும் அப்பா கடையில் இருந்தோம். சங்கத்து ஆள் வந்து, "பாடி வருது, ஷட்டர எறக்குங்க" என்றான். தம்பி கொக்கியை எடுத்தான், நான் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். லைட்டையும் அணைக்கவில்லை. ஊர்வலத்தில் வந்த சங்கத் தலைவர் நம் கடைமுன் நின்று, சின்னதுரை இப்படிச் செய்வானா என்று கேட்டார்.

"அவரு ஒவ்வொரு சாவுக்கும் எறக்குனாருங்க. அதுக்குத்தான் ஏரிக்கரைக்கு அனுப்புனீங்க" என்றேன்.

மறுநாள் தெருக்காரர்கள் கட்டக் கொடுத்திருந்த மோட்டார்களைத் திருப்பி எடுத்துப்போனார்கள், கடைக்குச் சொந்தக்காரர் மாசக் கடைசியில் காலி பண்ணச் சொல்லிவிட்டார். நம் வீட்டு வாசலில் தகரம் போட்டு வேலை பார்க்கலாம் என்கிறான் தம்பி. காலனிக்கு எவன் மோட்டார் கொண்டுவருவான் என்று எனக்குத் தெரியவில்லை. இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தாலும் அன்றைக்கு ஷட்டரை இறக்கியிருக்கமாட்டேன்.

நீ வேலையை விட்டு ஓடி வராதே, தலைவருக்குப் போன் போட்டுச் சண்டையும் போடாதே. நேரத்துக்குச் சாப்பிடு. நீயாவது நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இரு. அன்றைக்குச் சரி என்றதற்கு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் அப்பா கடைத்தெரு வழியாகப் போனார் என்று இனி யாரிடமும் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
சி. கண்ணகி