தமக்கை வீட்டுக்குப் போன சமையல்காரி

பிளாக்டவுன்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சயந்தினிக்கு,

நானும் அப்பாவும் நல்ல சுகம், உன் சுகத்துக்கும் சேர்த்துப் பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கிளேட்டனில் குளிர் கூடவாம், காதை மூடிக்கொண்டு போ. போனில் என்றால் நீ கதையை மாற்றிப்போடுவாய், அதுதான் எழுதுகிறேன். பிழை கண்டால் சிரி, நான் ஐந்தாம் வகுப்புத்தானே.

நாங்கள் மூன்று பேரும் பார்த்துச் சிரித்த அந்தக் கொரிய அரண்மனை நாடகம், ராசா ஊறுகாய்ச் சாடிக்குள் ஒளிக்கிறது, அதிலிருந்து இப்போது ஒரு கிளைக்கதை வந்திருக்கிறது. குசினியில் நின்ற அந்தக் குண்டுச் சமையல்காரியின் மகள்தான் கதாநாயகி. நீ இல்லாதபடியால் கீழே ஓடுகிற இங்கிலிஷை அப்பாதான் எனக்குத் தமிழில் வாசிக்கிறார், ராசா காதல் கதைத்தாலும் ரயில் பிந்துகிறது என்று அறிவிக்கிற மாதிரி. முதல் நாளே அந்தப் பெட்டை சோறும் மீனும் படைத்து விழுந்து கும்பிட்டாள். படையலைக் கண்டால் எனக்கு இங்கிலிஷ் எதற்கு, ஆருடைய திவசம் என்று கேட்டேன். தாயுடையது, செத்து மூன்று வருசம் என்றார். அவள் சாகேல்லை, தமக்கை வீட்டை போனவள், என்ர பிள்ளை வாசிச்சவள் என்று நான் சண்டைக்கே போய்விட்டேன். அப்பா படத்தை நிற்பாட்டிப்போட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

கள்ளி, அப்போதுதான் விளங்கியது. பித்தப்பைக் கல் எடுத்து என் தையல் காயாத கிழமை அது, சிரிக்கவும் கூடாது அழவும் கூடாது என்று டொக்டர் சொன்னது. நாடகத்தில் காவற்காரன் வந்து ஏதோ சொல்ல எல்லோரும் அழுதார்கள், நீ கண் வெட்டாமல் அவளைத் தமக்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டாய். எப்ப வருவாள் என்று கேட்கிற நேரமெல்லாம், "வருவா அம்மா, அங்க ஊறுகாய் போடுறா" என்றாய்.

எனக்குக் கோபம் வரவில்லை, யோசனைதான் வந்தது. போன மாதம் உன் ஆராய்ச்சி எப்படி என்று கேட்க, எல்லாம் ஓகே அம்மா என்றாயே, அதுவும் அந்த ஊறுகாய்க் குரல்தான். அப்பாவைப் பிடித்து உலுக்கினேன், அவருக்கு மாற்றி வாசிக்கத் தெரியாதே. நீ எழுதின ஆராய்ச்சியைத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம், இன்னும் ஆறு மாதமாம், அம்மாவிடம் சொல்ல வேண்டாமாம். அடி விசரி, விசாவுக்கு ஏழு வருசம் காத்திருந்தவளுக்கு ஆறு மாதம் ஒரு கதையா. என் தையல் எப்போதோ காய்ந்துவிட்டது. இனி எனக்கு உள்ளதை உள்ளபடி வாசி.

கடைசி இரண்டு பகுதியையும் பார்க்காமல் வைத்திருக்கிறேன், லீவுக்கு வந்து நீதான் வாசிக்க வேண்டும், செத்தால் செத்தது என்று சொல். மிளகாய்த்தூள் அனுப்பியிருக்கிறேன், மூடியை இறுக்கி வை. பிள்ளையார் உன் பக்கம் நிற்பார்.

இப்போதைக்குத் தமக்கை வீட்டுக்குப் போகிற எண்ணமில்லாத
உன் அம்மா
யோகராணி