துவைக்காத சேலை

கிணத்துக்கடவு
7-3-1995

சாந்தாமணி கண்ணுக்கு,

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் மாற்றிப் பேசக் கூடாது. உன் வீட்டுக்காரர் ஆறுச்சாமி மாப்பிள்ளை. நீ. பேத்தி வர்ஷினி. உன் அண்ணன் மாசாணம். மதிலுக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நஃபீசா. நான். அப்புறம் அந்த நாயும் இரண்டு முயலும். அவ்வளவு பேர்தான்.

நாய் செய்ததை நான் செய்ததாக ஆக்கிவிட்டீர்கள். மூடிப்போன மில் கேட்டில் பட்டினி கிடந்த நாயை மாப்பிள்ளை இரக்கப்பட்டு அழைத்து வந்தார், நல்லது. பக்கத்தில் ஓடுகிற மில்லில் சங்கு ஊதினால் கூடவே ஊளையிடும் என்று அதற்குச் சங்கு என்று பேர். அதுவும் இருக்கட்டும். முயல் வளர்க்கிற வீட்டில் அதை ஏன் அவிழ்த்துவிட வேண்டும்? முயல் கூண்டில் கிடந்த சாக்கை நாயின் சோற்று வட்டிலுக்கு அடியில் விரித்தார், வாசனை பழகட்டும் என்றார். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூண்டுக்குப் பக்கத்தில் கூட்டிப் போனார். சம்பந்தம் பேசுகிறவர்கள்கூட அத்தனை பொறுமையாகப் பேசி நான் பார்த்ததில்லை.

கூண்டைத் திறந்த ஞாயிற்றுக்கிழமைதான் மாசாணமும் நானும் அங்கே வந்து சேர்ந்தோம். ரவை சும்மா உட்கார்ந்திருந்தது. (முயல்களுக்கு ரவை, சேமியா என்று பேர் வைத்த வீட்டை வேறெங்கும் பார்த்ததில்லை.) சங்கும் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மில்லில் சங்கு ஊதியது. நாய் ஊளையிட்டது, ரவை மிரண்டு ஓடியது, ஓடுவதைக் கவ்வுகிற புத்தி நாய்க்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை கயிற்றை இழுப்பதற்குள் எல்லாம் முடிந்தது.

அதற்குப் பிறகு நான் செய்தது எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். கோழி பிடித்த நாயின் கழுத்தில் அந்தக் கோழியையே கட்டிவிடுவோம். நாறும்வரை சுமந்தால் பிறகு எந்தக் காலத்திலும் தொடாது. செத்துக் கிடந்த ரவையை அப்படித்தான் சங்கின் கழுத்தில் கட்டினேன். "அத்தை, வேண்டாமுங்க" என்று மாப்பிள்ளை ஒரு தரம் சொன்னார். நீ வாயைப் பொத்திக்கொண்டாய். வர்ஷினி கத்தினாள். மாசாணம் ஒருவன்தான் என் பக்கம் நின்றான். கொடியிலிருந்து கயிற்றை அறுத்துக் கொடுத்து, "நல்லா இறுக்கிக் கட்டுங்கம்மா" என்று சிரித்தான். பெற்ற இரண்டில் அவனுக்குத்தான் என் அருமை தெரியும்.

மறுநாள் காலையில் மதில் தாண்டி வந்து அதை அவிழ்க்க அந்த நஃபீசா யார்? உன் கல்யாணத்தில் உன் மாமியார் என்னை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்ததையே நான் இன்னும் மறக்கவில்லை. இதையா மறப்பேன்?

லீவு விட்டதும் வர்ஷினியை அனுப்பு. எருமை கன்று போட்டிருக்கிறது.

உன் அம்மா
கருப்பாத்தாள்


சிங்காநல்லூர்
16-3-1995

அன்புள்ள அம்மாவுக்கு,

சாந்தாமணி எழுதுகிறேன். இங்கே யாருக்கும் உங்கள்மேல் கோபம் இல்லை. கோபமாக இருந்தால் எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

நஃபீசாக்கா யார் என்று கேட்டிருக்கிறீர்கள். ரவையையும் சேமியாவையும் குட்டியாக வர்ஷினி கையில் கொடுத்தவர் அவர்தான். நாய் எச்சில் பட்டால் பல தரம் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் அவருக்குத் தொழ முடியாது. சங்கு வந்த நாளிலிருந்து சேலை நுனிகூடப் படாமல் ஒதுங்கி நடந்தவர். அவர்தான் அன்று தரையில் உட்கார்ந்து, சங்கின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்தார். நீங்கள் இறுக்கிய முடிச்சு, நகம் பிய்ந்துபோனது. ரவையைத் தன் துண்டில் சுற்றி வர்ஷினியிடம் கொடுத்தார். கருவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் புதைத்தோம்.

ஒரு பகலும் ஒரு ராத்திரியும் அதைப் பார்த்துக்கொண்டே நாங்கள் இருந்தோம், அம்மா. பெரியவர்கள் கட்டினதை அவிழ்ப்பது மரியாதை இல்லை என்று இருந்துவிட்டோம். எனக்கு வெளியே தலை காட்ட வெட்கமாக இருக்கிறது.

சங்கு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டது. கொடிக் கயிற்றை நான் தொட்டாலே நின்ற இடத்தில் மூத்திரம் விடுகிறது. மில்லில் சங்கு ஊதினால் இப்போது ஊளையிடுவதில்லை. தலையைத் தரையில் வைத்துக்கொள்கிறது.

வர்ஷினி லீவுக்கு அங்கே வரவில்லையாம். ஏன் என்று கேட்டேன். "நான் தப்புப் பண்ணுனா எங்கழுத்துல என்னத்தக் கட்டுவாங்கம்மா அம்மாயி?" என்றாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாந்தாமணி


கிணத்துக்கடவு
2-4-1995

அம்மணி சாந்தாமணிக்கு,

உன் கடிதத்தில் வர்ஷினி சொன்ன வரிவரைக்கும் படித்தேன். அதற்கு மேல் ஓடவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். அதே வரிதான்.

இங்கே மாசாணம் டீக்கடையில் அந்தக் கதையை நடித்துக் காட்டியிருக்கிறான். நாய் மாதிரி கழுத்தைச் சாய்த்து, என் மாதிரி கையை ஆட்டி. நேற்று பஸ் ஸ்டாப்பில் ஒரு பொடியன், "ஏனுங்காத்தா, கோயமுத்தூருல நாய்க்கு மாலை போட்டு வந்தீங்களாமா?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யார் யார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் கோபம் வரவில்லை, தலை தானாகக் குனிந்துவிட்டது. கொத்தமல்லி வாங்கப் போனவள் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் தோட்டத்தில் கழுத்தில் கோழி கட்டின நாய் தென்னைகளுக்கு நடுவே எங்கேயோ போய்க் கிடக்கும். அதன் முகத்தை யார் பார்த்தோம்? உன் வீட்டு வாசல் நாலடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் சங்கு என்னைத்தான் பார்த்தது. ரவையின் கால் தன் காலில் தட்டித் தட்டி, அது நடக்க முடியாமல் விழுந்தது. நான் பார்க்காத மாதிரி காபி குடித்தேன். அந்தக் காபியின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

பேத்தியிடம் சொல். அவள் கழுத்தில் அம்மாயி தங்கச் சங்கிலியைத் தவிர வேறெதுவும் போடமாட்டேன். இல்லை, அதைச் சொல்லாதே. சங்கிலி என்றாலும் பயந்துகொள்வாள்.

நான் ஒரு தரம் வரட்டுமா? மகள் வீட்டுக்கு வரலாமா என்று கேட்டு எழுதுகிற நிலைமைக்கு வந்திருக்கிறேன். நஃபீசாவைப் பார்க்க வேண்டும். என்ன பேசுவேன் என்று தெரியவில்லை, பார்க்க வேண்டும்.

கருப்பாத்தாள்


சிங்காநல்லூர்
11-4-1995

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை வர்ஷினிக்குப் படித்துக் காட்டினேன். சங்கிலி சமாச்சாரத்தையும் படித்துவிட்டேன். எழுந்து போய்ச் சங்குவோடு உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலம் வந்து சொன்னாள்:

"அம்மாயிய நேரா கூட்டிட்டு வந்தீங்கன்னா சங்கு பயந்துக்குமுங்கம்மா. அப்பா பண்ணுற மாதிரிதான் பண்ணோணும். அம்மாயி கட்டுன சேலை ஒண்ணு அனுப்பச் சொல்லுங்க. தொவைக்கக் கூடாது."

அவள் அப்பா சேமியாவுக்கும் சங்குவுக்கும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். சாக்கு, வட்டில், தினமும் கொஞ்சம் கிட்டே. இந்தத் தரம் கூண்டைத் திறப்பதாக இல்லை, கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து பழகினால் போதும் என்கிறார். உங்கள் சேலையையும் வட்டிலுக்கு அடியில் விரிக்க வேண்டுமாம். சங்கு அதன்மேல் நின்று மிச்சம் வைக்காமல் தின்கிற அன்றைக்கு உங்களுக்கு எழுதச் சொன்னாள். அதுவரை வர வேண்டாம், அம்மா. தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

சாந்தாமணி


கிணத்துக்கடவு
17-4-1995

சாந்தாமணி கண்ணுக்கு,

சிங்காநல்லூர் சந்தைக்கு இளநீர் ஏற்றிப் போகிற வண்டிக்காரரிடம் சேலையைக் கொடுத்துவிட்டேன். அன்று உங்கள் வீட்டில் கட்டியிருந்த அதே அரக்குச் சேலைதான். அதுதானே சங்குவுக்குத் தெரியும். ஊருக்கு வந்ததும் துவைத்துவிட்டேன், அதனால் மறுபடி உடுத்திக்கொண்டு சாணி வழித்தேன், அடுப்படியில் வெந்தேன், அதோடே படுத்தேன். நல்ல சேலை, பரவாயில்லை. அதன்மேல் நின்று நாய் சோறு தின்னட்டும். நான் பெரிய மனுஷி என்று இத்தனை காலம் நினைத்திருந்ததும் சேர்ந்து அடியில் கிடக்கட்டும்.

சங்கு எத்தனை நாள் எடுத்துக்கொண்டாலும் சரி. அவசரப்படுத்த வேண்டாம் என்று வர்ஷினியிடம் சொல்.

உன் மாமியார் இரண்டாம் பந்தியில் உட்கார வைத்ததை விட்டுவிட்டேன். உண்மையில் முதல் பந்தியில் இடம் இல்லை, நானும் பார்த்தேன். பஸ் ஸ்டாப்பில் சிரித்தவர்களையும் விட்டுவிட்டேன். மாப்பிள்ளை ஒரு தரம் சொன்னதோடு நிறுத்திக்கொண்டார் என்று இருந்த வருத்தமும் போய்விட்டது. நஃபீசாவை நான் மன்னிக்க ஒன்றுமில்லை, அவர் என்னை மன்னிக்கட்டும். என்னை என்ன செய்வது என்பது வர்ஷினியும் சங்குவும் பார்த்துச் சொல்ல வேண்டியது.

உன் அம்மா
கருப்பாத்தாள்

மடிக்கப் போனவள் மறுபடி பிரித்து எழுதுகிறேன். வர்ஷினி கத்தினபோது என் கை நின்றுவிட்டது, சாந்தாமணி. முடிச்சு பாதியில் இருந்தது, விட்டிருப்பேன். அப்போதுதான் அந்தச் சிரிப்பு கேட்டது. நின்ற கை மறுபடி கட்டியது. கட்டினது என் கைதான், அந்த வெட்கம் நான் சாகும்வரை என்னோடு வரும். இன்றைக்குச் சேலையை மடிக்கும்போதும், "நாய்க்குச் சீர் அனுப்பறீங்களாம்மா?" என்று அதே சிரிப்பு. என் சோற்றைத் தின்று என் வீட்டில் தூங்குகிறான், இருக்கட்டும், சோறு போடுகிறேன். ஆனால் மன்னிக்க மாட்டேன் என்று அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் ஒருவனைத்தான் வைத்திருக்கிறேன். மாசாணம்.