தீவுக்காரிக்கு அரை மணி நேரம்

மஸ்கட், 1996

அன்புள்ள அத்தானுக்கு,

மினி எழுதுவது. உங்களுக்கும் மாமிக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? மாமியின் முட்டுவலி குறைந்ததா? எனக்கு இங்கே சுகம்தான்.

வெள்ளிக்கிழமை உங்களிடம் பேசலாம் என்று பக்கத்து வீட்டு சரோஜம் அக்காவுக்கு போன் செய்தேன். நீங்கள் செங்கல் ஊர் வரை போயிருப்பதாக அக்கா சொன்னார். “நேத்துகூட இங்க வந்து ஒன்னட்ட அரமணிக்கூர் பேசினானே, மக்கா. போன பில்லுலயும் வெளிநாட்டு நம்பர்தான். நீ குடுத்து வச்சவளாக்கும்!”

எனக்கு எந்த போனும் வரவில்லை. அதைக் காட்டிக்கொள்ளாமல் பில்லில் உள்ள நம்பரை வாசிக்கச் சொல்லி எழுதிக்கொண்டேன்.

என்னோடு வேலை செய்யும் இங்கிலாந்து நர்ஸ் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். பெண்கள் கொஞ்சிப் பேசுவதற்கு அவர்கள் நாட்டில் தனி நம்பர்கள் உண்டாம். அமெரிக்காவில் 900 என்று தொடங்குமாம். நம் ஊரிலிருந்து கூப்பிட இந்த மாதிரி நம்பராம்; காசு எங்கோ ஒரு தீவின் கணக்கில் சேருமாம். அந்தத் தீவின் டெலிபோன்காரர்களும் பேசுகிற பெண்ணை வேலைக்கு வைத்தவர்களும் பணத்தைப் பங்கு போடுவார்கள். பேச்சை நீட்டுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

எனக்குக் கோபமில்லை. உங்களுக்கு இவ்வளவு இங்கிலீஷ் தெரியும் என்பதுதான் தெரியாது. சாப்பிட்டீர்களா என்று அவளும் கேட்பாளா?

பொழியூர் சஜி லீவு முடிந்து இங்கே திரும்பி வருகிறான். அவனிடம் கொஞ்சம் உப்புமாங்காயும், உங்கள் குரலைப் பதிந்த ஒரு கேசட்டும் கொடுத்துவிடுங்கள். டூட்டிக்கு வண்டி வந்துவிட்டது.

நான் கூப்பிட்டால் மூன்றாவது நிமிடமே “பைசா போவுது, வச்சிரு மினி” என்பீர்களே. கேசட்டின் ஒரு பக்கம் அரை மணி நேரம் ஓடும். முழுக்கப் பேசுங்கள்.

மினி