சிறகுச் சீட்டு

பிப்ரவரி 9

வாலு,

நீ என் சிறகைத் திருடிவிட்டாய்.

இதைக் கோபத்தில் எழுதவில்லை. காலை ஷிப்ட் முடிந்து, அப்பாவுக்கு மாத்திரை கொடுத்து, ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுத்தான் எழுதுகிறேன். உங்கள் விளையாட்டுச் சங்கத்தின் சலுகைக் குழுவிடம் முறையீடு என்றால் எழுத்தில்தான் தர வேண்டுமாம். அந்த விதியை எழுதியவளும் நீதான். படிவத்தின் முன்பக்கத்தில் மூன்று வரிக்குத்தான் இடம் விட்டிருக்கிறீர்கள், அதனால் பின்பக்கத்தில் எழுதுகிறேன். குறை சொல்ல வருகிறவர்களுக்கு மூன்று வரி போதும் என்று யார் முடிவு செய்தது?

உன் குழுவில் மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். ஆஸ்பத்திரி லாண்டரிக்கு மேலே கிழிந்த போர்வைகளைப் போட்டு வைக்கும் அறையில் நான்கு வருடமாகக் கதை விளையாட்டு மேசை நடத்துகிறேன். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு ஐந்து பேர் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தாளில் எழுதிய ஓர் ஆள். நான் கதை சொல்வேன், அவர்கள் தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்வார்கள், பலிக்குமா இல்லையா என்று பகடை சொல்லும். எல்லா ஊர் மேசையிலும் ஒரே கதை. இங்கே விளையாடியவன் தன் தாளை எடுத்துக்கொண்டு வேறு எந்த ஊர் மேசையிலும் போய் உட்காரலாம். எங்கள் ஆட்கள் யாருக்குமே விளையாட்டில் கிடைத்ததைத் தவிர எதுவும் கிடையாது. ஐவரில் ஒருவரான பஸ் கண்டக்டரின் ஆளிடம் ஒரு கயிறு இருக்கிறது. அதை அவர் நான்கு வருடமாகப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

நேற்று ஐவரில் இன்னொருவரான மருந்துக்கடைக்காரர் நீலச் சீட்டு ஒன்றோடு வந்தார். "சிறகர் குலம். மூன்று ஆண்டுக் கூடல்களில் தொடர்ந்து கலந்துகொண்டோருக்கு மட்டும்." கீழே உன் கையெழுத்து. அது இருந்தால் தன் ஆளைப் பறக்கும் சிறகராக எழுதிக்கொள்ளலாமாம்.

நேற்றைய கதையில் ஆறு பெருகி, பாலம் உடைந்து, அக்கரையில் கோட்டைச் சாவி. இரண்டு வாரம் யோசித்து வைத்த இடம் அது. கண்டக்டர் கயிற்றை வெளியே எடுத்துவிட்டார். மருந்துக்கடைக்காரர் சொன்னார்: "எதுக்குச் சிரமம்? நான் பறந்து போய் எடுத்துட்டு வந்துடுறேன்." எடுத்து வந்தும் விட்டார். பத்து நிமிடத்தில் ஆறு முடிந்தது. கண்டக்டர் தன் பகடையை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, "அப்ப நாங்க ஸ்டாப்பில நிக்கிற சனம் மாதிரி அண்ணாந்து பாத்துட்டே நிக்கலாமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

சிறகரை உண்டாக்கியது யார் வாலு? உனக்கு ஆறு வயது, எனக்குப் பதினொன்று. அப்பாவின் பழைய டைரி, கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் இருந்த சந்து. நான் உண்டாக்கிய குலத்தில் நான் ஓர் ஆளை எழுத முடியாது. ஏனென்றால் மூன்று வருடம் தொடர்ந்து உங்கள் கூடலுக்கு வர நான்கு நாள் லீவு எனக்குக் கிடைக்காது, மருந்துக்கடைக்காரருக்குக் கிடைக்கும். சலுகை என்று பேர் வைத்திருக்கிறீர்கள். லீவு கிடைக்கிறவர்களுக்கு நீங்கள் கொடுக்கும் இன்னொரு லீவு அது.

எனக்கு ஒரு சீட்டு அனுப்பு.

உன் அக்கா


பிப்ரவரி 18

அன்புள்ள அக்கா,

நீ கையால் எழுதியதால் நானும் கையால் எழுதுகிறேன். என் கையெழுத்து கெட்டுப்போயிருக்கிறது, பொறுத்துக்கொள். முறையீட்டைக் குழுவில் இன்னும் வைக்கவில்லை. "வாலு" என்று தொடங்கும் முறையீட்டை எப்படி வைப்பது?

நான் திருடவில்லை. கூடலுக்கு ஆள் குறைந்துகொண்டே வந்தது. பாதி அரங்கு காலி. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு வேறெங்கும் கிடைக்காத ஒன்றைத் தராவிட்டால் அடுத்த வருடம் சங்கமே இருக்காது என்றார் தலைவர். எல்லோரும் கூடுதல் வாள், கூடுதல் பகடை என்று சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததிலேயே அழகான விஷயம் நம் டைரியில் இருந்தது. அதைச் சொன்னேன். அவ்வளவுதான்.

உனக்குச் சீட்டு தர என்னால் முடியாது. கையெழுத்துப் போடுவது நான். அக்காவுக்குத் தந்தால் நாளைக்கு யார் முகத்தில் நான் விழிப்பேன்?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்காதே. மூன்று வருடமாக நான் கேட்டேன். "நான் வந்து நாலு நாள் அப்பாவைப் பார்த்துக்கிறேன், நீ கூடலுக்குப் போ" என்று. முதல் வருடம் துவைக்கும் மெஷின் பழுது என்றாய். அடுத்த வருடம் அப்பாவுக்குச் சளி, புது ஆள் வந்தால் மிரளுவார் என்றாய். நான் புது ஆளா? போன வருடம் பதிலே இல்லை. உனக்குச் சீட்டு வேண்டுமா, இல்லை என்மேல் ஒரு கோபம் வேண்டுமா?

சென்ற வாரம் போன் செய்தபோது அப்பாதான் எடுத்தார். "அவ லாண்டரிக்குப் போயிருக்கா, அப்புறம் பண்ணுங்க" என்றார். பண்ணுங்க. நான் உன்னைத் தேடும் யாரோ என்று நினைத்துவிட்டார். நான் தேடியது அவரைத்தான்.

அன்புடன்,
வாலு


மார்ச் 9

வாலு,

மருந்துக்கடைக்காரர் புகார் அனுப்பியிருப்பார். அவர் எழுதியது அத்தனையும் உண்மை.

நேற்று கண்டக்டர் வரவில்லை. "டூட்டி" என்று சொல்லியனுப்பினார். ஞாயிறு அவருக்கு டூட்டி இல்லை என்பது எனக்குத் தெரியும். மருந்துக்கடைக்காரர் மலைமேல் பறந்தார். நான் மழை பெய்ய வைத்தேன். லாண்டரியில் கறை எடுக்க ஊற்றுவோமே, கையில் பட்டால் தோல் உரியும், அந்த மருந்து மழையாகப் பெய்தது. பகடை கூட உருட்டவில்லை. "உங்க சிறகு எரிஞ்சு போச்சு" என்றேன். "எந்த விதியில இருக்கு இது?" என்று கேட்டார். "என் மேசை" என்றேன். அவர் முகம் சின்னதாகிப் போனது. நல்ல மனிதர்தான். அப்பாவின் மாத்திரை தீர்ந்தால் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறவர். எனக்கு அப்போது அவர் சிறகு மட்டும்தான் தெரிந்தது.

தப்பு. ஆனால் உன் தப்பு அதற்கு முன்னால் நடந்தது. டைரியிலிருந்து நீ பாதியைத்தான் எடுத்திருக்கிறாய். சிறகர் தனியே எழும்ப முடியாது. முதுகில் இன்னோர் ஆள் ஏறினால்தான் சிறகு விரியும். அதை எழுதியது எதற்கு என்று உனக்கு நினைவிருக்க வாய்ப்பில்லை. நான் கட்டில்மேல் ஏறிப் பறந்து போய்விட்டால், நீ கீழே நின்று வீடே இடியும்படி அழுவாய். அதனால் அந்த விதி. அது இருந்திருந்தால் கண்டக்டர் ஆற்றங்கரையில் நின்றிருக்க மாட்டார்.

அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாய். அவருக்கு உன் குரல் தெரியாததற்கு நான் என்ன செய்ய முடியும்? தினமும் பக்கத்தில் இருக்கிறவர்களைத்தான் அவருக்குத் தெரிகிறது. சட்டை மாற்றிவிட்டால் என் கையைப் பிடித்துக்கொள்கிறார். எனக்கும் ஒரு சலுகை இருக்கட்டுமே.

அக்கா


மார்ச் 20

அக்கா,

உன் கடைசி வரியை நான்கு தடவை படித்தேன். பதில் சொல்லப் போவதில்லை.

முதலில் குழு விஷயம். உன் மேசையின் அனுமதியை ரத்து செய்ய வேண்டும் என்று தலைவர் நின்றார். நான் வாதாடினேன். எச்சரிக்கையோடு முடிந்தது. மருந்துக்கடைக்காரரின் சிறகைத் திருப்பிக் கொடுத்துவிடு.

உன் விதியைக் குழுவில் வைத்தேன். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மற்ற ஊர் மேசைகளிலிருந்தும் இதே குறை வந்திருக்கிறது, சிறகர் வந்தால் மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள் என்று. சீட்டைப் பிடுங்கினால் வாங்கியவர்கள் சண்டைக்கு வருவார்கள், எல்லோருக்கும் கொடுத்தால் கூடலுக்கு யாரும் வர மாட்டார்கள், என்ன செய்வதென்று ஒரு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். ஒருவரைச் சுமந்தால்தான் பறக்கலாம் என்றால் சலுகை சீட்டு வைத்திருப்பவருடையது, பயன் எல்லோருக்கும். கைதட்டினார்கள் அக்கா.

சுற்றறிக்கையில் அது என் திருத்தம் என்று போட்டுவிட்டார்கள். மறுக்க வாயெடுத்தேன், அதற்குள் அடுத்த தீர்மானம் வந்துவிட்டது. தலைவரிடம் எழுதிக் கொடுக்கிறேன். நம்பு.

கூடல் மே முதல் வாரம். நாலாவது தடவையாகக் கேட்கிறேன். நான் வந்து அப்பாவோடு இருக்கிறேன், நீ போ.

அதற்கு முன் ஒன்றுக்கு மட்டும் உண்மையைச் சொல். முதல் வருடம் மெஷின் பழுதாகவா இருந்தது?

வாலு


மார்ச் 30

வாலு,

சிறகைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சுற்றறிக்கையைக் கதவில் ஒட்டினேன். ஒரு வாரம் தள்ளிப் போட்ட மேசைக்குக் கண்டக்டர் நேற்று வந்தார். மருந்துக்கடைக்காரர் அவரை முதுகில் ஏற்றிக்கொண்டு பள்ளத்தாக்கைத் தாண்டினார். நடு வானத்தில் சிறகு தளர்ந்தது, கண்டக்டர் கயிற்றை வீசி ஒரு பாறையில் மாட்டி இரண்டு பேரையும் காப்பாற்றினார். நாலு வருடத்துக் கயிறு. "டிக்கெட் எடுக்காம ஏறினது இன்னைக்குத்தான்" என்றார். சிரிப்பில் மேசை ஆடியது. எல்லோரும் கிளம்பும்போது என்னிடம் சொன்னார்கள்: "உங்க தங்கச்சி மூளைக்காரிதான்." நான் பகடைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். இத்தனை சந்தோஷமான மேசையில் எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. நான் அப்படித்தான். நீ தெரிந்துகொள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். மெஷின் பழுதில்லை.

அந்த வருடம் அப்பா தினமும் சாயங்காலம் கேட்பார், "வாலு எப்ப வரும்?" என்று. நான் அவர் வாயைத் துடைத்துக்கொண்டிருப்பேன், அவர் வாசலைப் பார்த்து உன்னைக் கேட்பார். நீ வந்து நின்றால் அவர் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். எனக்காக அந்த முகம் ஒரு நாளும் வந்ததில்லை. அதை நான் பார்க்க விரும்பவில்லை. அடுத்த வருடம் கேட்பது குறைந்தது. சளி என்று எழுதினேன். சளியும் இல்லை. போன வருடம் அவர் உன்னைக் கேட்கவே இல்லை. உன் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

போன வியாழக்கிழமை அவருக்குச் சட்டை மாற்றினேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, மரியாதையாகக் கேட்டார்: "நீங்க எந்த வார்டும்மா?"

நான்கு நாளாக என்னை யாரோ நர்ஸ் என்று நினைத்து அப்படித்தான் கேட்கிறார். இன்று காலை லாண்டரியில் தலையணை உறைகளை எண்ணி அடுக்கும்போது எண்ணிக்கை மூன்று தடவை தவறியது. மேற்பார்வையாளர் அம்மா, "உனக்கு இன்னைக்கு என்னடி?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

கூடல் வேண்டாம். சீட்டும் வேண்டாம், என் பேரையும் எங்கேயும் போட வேண்டாம். நீ வா. அவருக்கு உன்னைத் தெரியாமல் போகலாம். தெரிந்தாலும் தெரியலாம். அப்படித் தெரிந்தால் நான் அறைக்கு வெளியே நிற்கிறேன்.

எந்த ட்ரெயின் என்று எழுது.

அக்கா


ஏப்ரல் 15

வாலு,

உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. போன் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. தபால் தாமதம் என்று முதல் வாரம் நினைத்தேன். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

நேற்று சங்கத்திலிருந்து உறை வந்தது. அவசரமாகக் கிழித்தேன். உள்ளே நீலச் சீட்டு. என் பேருக்கு. "சிறகர் குலத்தை உருவாக்கியவர் என்ற முறையில்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். பின்பக்கம் விதி, நான் டைரியில் எழுதியபடியே. கையெழுத்து உன்னுடையது இல்லை, தலைவருடையது. உறையைத் தலைகீழாக உதறிப் பார்த்தேன். வேறு தாள் எதுவும் விழவில்லை.

நான் செய்ததற்கு என்ன பேர் வேண்டுமானாலும் வைத்துக்கொள். மூன்று வருடத்தை என்னால் திருப்பித் தர முடியாது. ஆனால் நான் இதை அவருக்காகக் கேட்கிறேன், எனக்காகவும் கேட்கிறேன். எது அதிகம் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இன்று காலை உன் பழைய போட்டோவை அவர் கையில் கொடுத்தேன். மூன்று வருடமாக அது அலமாரியில் என் துணிகளுக்கு அடியில் இருந்தது. அவர் அதை வெகுநேரம் வைத்திருந்தார். திருப்பிக் கேட்டபோது தரவில்லை.

சீட்டை இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன். எனக்கு வேண்டியது அது இல்லை. ஞாயிறு மேசையை நிறுத்தி வைத்திருக்கிறேன், கண்டக்டர்தான் வாசலில் வந்து கேட்டுவிட்டுப் போகிறார். லாண்டரியில் சொல்லி ஷிப்டையும் மாற்றிவிட்டேன். எந்த நாள் வந்தாலும் ஸ்டேஷனில் நான் இருப்பேன். உன்னோடு பேச வேண்டாம் என்றால் பேசவும் மாட்டேன், பையை மட்டும் தூக்கிக்கொள்கிறேன்.

ட்ரெயின் நேரத்தை எழுது.

அக்கா