கேட்டில் இருந்த பெயர்ப்பலகை

டீச்சர்,

வீடு முழுக்க எனாமல் பெயிண்ட் வாடை. கிறிஸ்மஸுக்கு வண்ணமடிக்க வந்த அந்தோணி, கேட்டைச் சுரண்டுவதற்காக உன் பெயர்ப்பலகையைக் கழற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். பித்தளைப் பலகை. உன் பெயர், எம்.ஏ., பி.எட்., தலைமையாசிரியை. நீ போய் இது இரண்டாவது கிறிஸ்மஸ். "திரும்ப இதையே மாட்டவாங்க ஐயா, இல்ல உங்க பேரை எழுதிடட்டுமா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறான். வருவதற்குள் பதில் சொல்லியாக வேண்டும். அதுதான் உன்னிடம் வந்திருக்கிறேன்.

என் பெயரை எழுதலாம். அதற்குப் பின்னால் என்ன போடுவது? வலங்கைமானில் வைத்த உரக்கடை ஒரு வெள்ளத்தோடு போயிற்று. அதற்கப்புறம் நான் பார்த்த ஒரே உத்தியோகம், உன்னை ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டதுதான். கல்யாண வீட்டில் யாராவது "சார் யாருங்க?" என்றால், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "எச்.எம். வீட்டுக்காரர்" என்பேன். நீ முழங்கையால் இடிப்பாய். "ஏன், உங்களுக்குன்னு ஒரு பேரு கிடையாதாக்கும்?" எனக்கு அதுவே போதுமாக இருந்தது, டீச்சர். சத்தியமாகப் போதுமாக இருந்தது.

பிறகு உனக்கு மறதி வந்தது. முதலில் சாவி, அப்புறம் பிள்ளைகளின் பெயர், அப்புறம் நான். தஞ்சாவூரில் அந்த டாக்டர் தன்மையாகத்தான் கேட்டார்: "அம்மா, நீங்க யாரு, சொல்லுங்க பார்ப்போம்." எனக்குப் பொறுக்கவில்லை. "எச்.எம்.மா இருந்தவங்க டாக்டர், கலெக்டர் கையால விருது வாங்கினவங்க" என்று முந்திக்கொண்டேன். வேறு யாரைப் பற்றியோ பேசுகிறேன் என்பதுபோல என்னைப் பார்த்தாய். அப்புறம் அவர் பக்கம் திரும்பி, கையைக் கட்டிக்கொண்டு, "வேதக்காரப் பொண்ணுங்க. சேசு சாமி புள்ள" என்றாய்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். வழியெல்லாம் சம்பா நெல் பால் பிடித்து நின்றது. நீ முன் சீட்டுக் குழந்தைக்குக் கை காட்டிக்கொண்டு வந்தாய்.

நான் விடுவேனா? தினமும் காலையில் அந்த விருது ஃபோட்டோவைக் காட்டி "இது யாரு?" என்பேன். "யாரோ அம்மா. நல்ல சேலை" என்பாய். அட கஷ்டமே! உன்னையே நீ தொலைத்துவிட்டாய் என்று ஊரெல்லாம் புலம்பினேன். ஆனால் புலம்பியது நான்தான், நீயில்லை. கோயில் மணி அடித்தால் உன் கை தானாக நெற்றிக்குப் போகும். உத்தியோகத்தில் இருந்தவரை பூசையில் உனக்கு முன்வரிசை நாற்காலி. இப்போது நடவுக்குப் போகும் பெண்களோடு ஒட்டித் தரையில் உட்கார்ந்துகொள்வாய். அங்கே உன் முகத்தில் இருந்த நிறைவை விருது மேடையில்கூட நான் பார்த்ததில்லை. நீ பச்சைக் குழந்தையாக இருக்கையில் தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றியபோதே கிடைத்தது, 'சேசு சாமி புள்ள' என்கிற அந்தப் பேர். அதற்காக நீ எந்தப் பரீட்சையும் எழுதவில்லை. அதனால்தானோ என்னவோ, மறதியால் அதைத் தொட முடியவில்லை. எனக்கு இது விளங்க ரொம்ப நாளாயிற்று.

கடைசி மாதங்களில் நான் கடைத்தெருவுக்குக் கிளம்பினால் கூப்பிடுவாய். நான் யாரென்று உனக்குத் தெரியாது. "இங்க வாங்க தம்பி" என்பாய். எழுபது வயதுத் தம்பி வந்து குனிவேன். கட்டைவிரலால் என் நெற்றியில் சிலுவை போட்டு, "யாரு பெத்த புள்ளையோ, பத்திரமா போயிட்டு வாங்க" என்பாய். நான் எச்.எம். வீட்டுக்காரர் என்று அந்த விரலுக்குத் தெரியாது. உரக்கடையைத் தொலைத்தவன் என்றும் தெரியாது. அப்படியும் சிலுவை போட்டது. வயிறு நிறைந்தவன்போல வெளியே போவேன். இன்னும் கிளம்பும்போது வாசலில் ஒரு கணம் குனிந்து நிற்கிறேன், டீச்சர்.

அந்தோணி வந்துவிட்டான். பலகையைத் துடைத்து உன் படத்துக்குக் கீழே வைத்தேன்.

"அப்ப கேட்டுல என்ன எழுதட்டுங்க ஐயா?"

"பேரு வேணாம்ப்பா. ஒரு சிலுவை போடு, போதும்."

"எவ்ளோ பெருசுங்க?"

கட்டைவிரலைக் காட்டினேன்.