பீரோவில் இருந்த என் இரங்கல் செய்தி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். கொஞ்ச நாளாக நாம் பேசும்போது மூன்றாவதாக ஒருவர் மூச்சு விடும் சத்தம் கேட்கிறது. பாவம், சளி பிடித்திருக்கிறது போல. அதனால் இதை உன் ஊருக்கு வரும் நண்பர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

என் வாராந்திரக் கட்டுரை ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தாய். எடிட்டர் என்னை ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார். நீ பிறந்த அன்றைக்கே எனக்கு அரை நாள் லீவு கொடுக்க மூக்கால் அழுத மனிதர். எல்லாம் அந்தப் பாலம் கட்டுரையால் வந்தது. ஒரே பாலத்தை மூன்று தடவை திறந்துவைத்த அமைச்சர், அது இடிந்த பிறகு பார்க்க வந்தபோது பழக்கதோஷத்தில் கத்தரிக்கோலைத் தேடினார் என்று எழுதினேன். ஊரே சிரித்தது. பத்தொன்பது பேர் செத்த இடத்தில் சிரிக்க வைத்தோமே என்று அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் சிரித்ததால்தான் கடைசி பாரா வரை படித்தார்கள். திறப்பு விழாவுக்கு முன்பே தூண்களில் விரிசல் இருப்பதாக ஓர் இன்ஜினியர் எழுதிக் கொடுத்த அறிக்கையை அங்கேதான் வைத்திருந்தேன்.

அதை என்னிடம் தந்தவர் அந்த இன்ஜினியரேதான். போன மாதம் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது தவறி விழுந்து இறந்தார் என்கிறது போலீஸ். துக்கம் கேட்கப் போயிருந்தேன். அவர் மனைவி, "கல்யாணமாகி இருபது வருஷத்துல ஒரு கைக்குட்டையக்கூட அவர் காயப்போட்டதில்லைங்க" என்றார். வியாழக்கிழமை விசாரணைக் கமிஷனில் நான் சாட்சி சொல்ல வேண்டும். அறிக்கை அவர் கையால் தந்தது என்று சொல்ல இப்போது என்னைத் தவிர யாருமில்லை.

எங்கள் அலுவலகத்துப் பழைய பீரோ உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எழுபதைத் தாண்டிய தலைவர்களுக்கும் ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களுக்கும் இரங்கல் செய்தியை முன்கூட்டியே எழுதி அதில்தான் வைப்போம். தேதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கும். பாதிக்கு மேல் நான் எழுதியது. அவர்கள் கட்சி மாறும்போதெல்லாம் எடுத்துத் திருத்துவேன். ஒருவருக்கு நான்கு தடவை கட்சியை மாற்றிவிட்டேன், மனிதர் இன்னும் கல்லுக்குண்டாக இருக்கிறார்.

ஓய்வு என்றாலும் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் நேற்றுக் காலை அலுவலகம் போய், அவர் ஐந்தாவது தடவை கட்சி மாறியதைத் திருத்த பீரோவைத் திறந்தேன். அவர் தாளுக்கு அடியில் என் பெயர் போட்ட தாள் இருந்தது. எனக்கு ஐம்பத்தாறு வயது. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. இரண்டு வரி படித்ததுமே எடிட்டரின் நடை என்று தெரிந்துவிட்டது.

அவர் அறைக்கு எடுத்துப் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "நீ ஏன்யா இப்பப் போய் அதத் திறந்த?" என்றார். யார் எழுதச் சொன்னது என்று கேட்டேன். "அதக் கேக்காத. வியாழக்கிழமை உடம்பு சரியில்லன்னு படுத்துக்க" என்றவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

பயமாக இருக்கிறது, மகளே. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? அம்மாவைப் பெரியம்மா வீட்டில் விட்டுவந்தேன். மூட்டுவலிக்கு அங்கே நல்ல டாக்டர் இருப்பதாகச் சொன்னேன். என்னோடு சண்டை போடாமல் அவள் பெட்டியை அடுக்கினாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. ஆனாலும் நான் படுத்துக்கொள்ள முடியாது. அந்த இன்ஜினியரின் மனைவி தினமும் கமிஷனில் முதல் வரிசையில் வந்து உட்காருகிறார். நான் போகாவிட்டால் துணி காயப்போட்ட கதைதான் நிலைத்துவிடும்.

கையில் வந்த தாளைத் திருத்தாமல் விட முடியாதே. 'அச்சம் என்பதையே அறியாதவர்' என்று எழுதியிருந்தார். அடித்துவிட்டேன். நம் பேப்பரில் பொய்ச் செய்தி வரக்கூடாது.

இன்னொன்றையும் அடித்தேன். கடைசியில், 'இவருக்கு மனைவியும், வெளிநாட்டில் படிக்கும் ஒரு மகளும் உள்ளனர்' என்று இருந்தது. இப்போது அந்தத் தாளில் மனைவி மட்டும் இருக்கிறாள். ஒருவேளை அது அச்சில் வந்தால், அப்பா நம்மை மறந்துவிட்டார் என்று நினைத்துவிடாதே. உன்னைத் தேடி யாரும் வரக்கூடாது, அவ்வளவுதான்.

லீவுக்கு வருவதாகச் சொன்னாய். டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய்துவிடு. என்ன செய்தி வந்தாலும் வராதே. கொள்ளி போடவும் வராதே. படிப்பை முடி. பிடித்தவனைக் கட்டிக்கொள். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நூறு வயது நன்றாக இரு.

இப்படிக்கு,
ஒரு மகளின் அப்பா